கட்டையை யார் அவிழ்ப்பது?

கேள்வி: ஹீரோவாக மார்க்கெட் இறங்கியதும் ஆளாளுக்கு டைரக்டர் ஆகிவிடுகிறார்கள். என் தம்பி எட்டு வருஷமாக உதவி இயக்குநர். போன மாசம் ஒரு சீனியர் நடிகரிடம் கதை சொல்லப் போனான். "இனிமே என் படத்தை நானே டைரக்ட் பண்ணலாம்னு இருக்கேன் தம்பி" என்று அனுப்பிவிட்டார். வயசானால் நடிகர்களுக்கு டைரக்டர் நாற்காலி என்ன பென்ஷனா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: பென்ஷன் என்றால் வேலையை விட்டு இறங்கியிருக்க வேண்டுமே ஐயா. நம் கதாநாயகர்கள் பெரும்பாலும் இறங்காமலே இயக்குநர் ஆகிறார்கள். என் சண்டை அங்கேதான். நீங்கள் வயசின் மேல் பழி போடுகிறீர்கள். வருஷங்களை எடுத்துப் பார்த்தால் அந்தப் பழி நிற்காது.

எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்னன்' எடுத்தது 1958-ல். வயது 41. மார்க்கெட் இறங்கிய ஆள் செய்த காரியமா அது? ஏறுமுகத்தில் இருந்தவர், சொந்தக் கம்பெனியில் பணத்தைக் கொட்டி, இரட்டை வேடமும் போட்டு, இயக்கவும் செய்தார். பானுமதி 1953-ல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் இயக்கியபோது அவருக்கு முப்பது ஆகவில்லை. அதற்கும் முன்னால், 1931-ல் 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகியாக வந்த டி.பி. ராஜலட்சுமி 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கினார். அப்போது அவருக்கு 25 வயது இருக்கும். நாசர் 'அவதாரம்' எடுத்தபோது 37. கமல்ஹாசனின் 'ஹே ராம்' வந்தபோது அவருக்கு 45. தனுஷின் 'ப. பாண்டி' வந்தபோது அவருக்கு 33. இவர்களில் யாரை வாய்ப்பில்லாமல் வந்தவர் என்று சொல்வீர்கள்?

ஆகவே எத்தனை வயதில் இயக்கினார் என்று நான் பார்ப்பதில்லை. வேறொன்றைப் பார்க்கிறேன். அதைச் சொல்ல நம் ஊர்க் கூத்துக் களரிக்குத்தான் போக வேண்டும்.

1989-ல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. கூத்து பிரியவில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையில் தொடங்கி ஆரணி, ஆற்காடு என்று எந்தப் பக்கம் போனாலும், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. துரியோதனன் வேஷத்தைக் கிட்டத்தில் பார்த்திருப்பீர்கள். மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடம், இரண்டு தோளிலும் புஜக்கட்டை, மாரில் பதக்கம், காலில் சலங்கை. இத்தனையும் சுமந்து, தானே பாடி, சுற்றிச் சுழன்று விடியும்வரை ஆட வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் உடம்பு கேட்காது. அப்போது ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், என்ன நடக்கும்? ஆடியவர் தோளில் இருக்கும் அந்தக் கட்டையை அவிழ்ப்பார். அவிழ்த்து, தான் பழக்கிய பையனுக்குக் கட்டிவிடுவார். மிருதங்கக்காரர் பக்கத்தில் தாளத்தோடு உட்காருவார். அன்றிலிருந்து அவர் வாத்தியார். புரிசை கண்ணப்பத் தம்பிரான் வேஷத்திலும் பெரியவர், வாத்தியாராகவும் பெரியவர். சென்னையில் நவீன நாடகம் போடும் கூத்துப்பட்டறைக்காரர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள்.

ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சில வருஷங்களுக்கு முன் பார்த்த ஒரு வாத்தியார் என் கண்ணை விட்டுப் போகவில்லை. முப்பது வருஷம் துரியோதனன் கட்டியவர். அன்று ராத்திரி பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையன் ஒரு விருத்தத்தில் சுருதி விட்டான். கூட்டத்துக்குத் தெரியவில்லை. இவர் அடுத்த அடியைக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துக் கொடுத்தார்; பையன் பிடித்துக்கொண்டான். காலையில் டீக்கடையில் கேட்டேன், ஆடாமல் இருப்பது கஷ்டமாக இல்லையா என்று. "முட்டி சொன்ன பேச்சு கேக்கல சார். தொண்டை கீது. நான் ஆடுனா என்னை யாரு பாக்கறது? அவன் ஆடுனா நான் பாக்கறேன்" என்றார்.

இயக்குநர் என்பவர் யார் என்று கேட்டால், பார்க்கிறவர். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஷாட்டில் இருக்கிற ஆளால் அந்த ஷாட்டைப் பார்க்க முடியாது. மானிட்டர் இல்லாத காலத்தில், நடித்துக்கொண்டே இயக்கியவர் டேக் ஓகேவா இல்லையா என்று ஒளிப்பதிவாளர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு லேபிலிருந்து ரஷ், அதாவது கழுவிய பிலிம், வந்தால்தான் உண்மை தெரியும். இப்போது உடனே போட்டுப் பார்க்கலாம். பார்த்தும் என்ன பயன், "சார், இந்த டேக்கில் நீங்க பொய்யா இருக்கீங்க" என்று சொல்ல செட்டில் ஆள் வேண்டுமே. மற்ற நாளில் இயக்குநர் சொல்வார். இங்கே இயக்குநரே அவர்தான். சொல்லக்கூடிய இடத்தில் நிற்பவன் உங்கள் தம்பி மாதிரி ஓர் உதவி இயக்குநர். அவன் வாயைத் திறப்பானா?

எம்.ஜி.ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இயக்கிய கடைசிப் படம் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978-ல் வந்தது. முதலமைச்சராகிவிட்டார், அறுபதை ஒட்டிய வயது, அதிலும் அவரே பாண்டிய இளவரசன். விஜயகாந்த் இயக்கிய ஒரே படம் 'விருதகிரி', 2010. வயது 58, போலீஸ் அதிகாரி வேடம் அவருக்கே. இரண்டு பேரையும் மதிக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்தார்களே தவிர, கட்டையை அவிழ்க்கவில்லை. பெரிய வாய்ப்பு கைவிட்டுப் போனது என்றே நினைக்கிறேன். அத்தனை வருஷம் கேமரா முன்னால் நின்ற அனுபவத்தை ஓர் இளைஞனின் உடம்பில் ஏற்றியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்!

அவிழ்த்தவர்களும் இருக்கிறார்கள். தனுஷ் தன் முதல் படத்தில் முதியவர் கதையை எடுத்து, அந்தப் பெரிய வேடத்தை ராஜ்கிரணிடம் கொடுத்தார். ஓய்வுபெற்ற சண்டைப் பயிற்சிக்காரர் வேடம் அது. தான் இளமைக்கால நினைவுகளில் மட்டும் வந்தார். முப்பத்து மூன்று வயதுக்காரருக்குத் தோன்றியது அறுபது வயதுக்காரர்களுக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆறவில்லை. சுஹாசினி 1995-ல் 'இந்திரா'வை இயக்கியபோது அனு ஹாசனைக் கதாநாயகியாக்கினார். ரேவதி 2002-ல் 'மித்ர் மை ஃப்ரெண்ட்' என்ற ஆங்கிலப் படத்தை இயக்கினார். நடுவயதுக் குடும்பப் பெண்ணின் கதை. தானே நடித்திருக்கலாம், அவரைவிடப் பொருத்தமான ஆளும் கிடையாது. ஷோபனாவை நடிக்க வைத்தார். ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இங்கே உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கேள்வி முழுக்க நடிகர்கள், ஹீரோக்கள். நடிகைகள் எங்கே போனார்கள்? வயசு உண்மையிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது அவர்களைத்தானே. ஐம்பத்தைந்து வயதுக் கதாநாயகனுக்கு இருபத்தைந்து வயதில் ஜோடி தேடும் தொழில் இது. முப்பத்தைந்து ஆன நடிகையிடம் அதே ஹீரோவுக்கு அக்கா வேடம், அண்ணி வேடம் என்று ஆரம்பிப்பார்கள். கட்டையை அவர்கள் அவிழ்க்கவே வேண்டாம், பிடுங்கிவிடுவார்கள். நியாயமாக, இயக்குநர் நாற்காலி பக்கம் கூட்டமாக வந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ராஜலட்சுமி, பானுமதி, சாவித்திரி, லட்சுமி, ஸ்ரீபிரியா, சுஹாசினி, ரேவதி, லட்சுமி ராமகிருஷ்ணன்... இரண்டு கை விரலுக்குள் எண்ணி முடித்துவிடுகிறோம், அதுவும் தொண்ணூறு வருஷத்துக்கு. சாவித்திரி 1971-ல் சொந்தப் பணத்தில் 'பிராப்தம்' எடுத்தார். சிவாஜி நடித்தும் படம் ஓடவில்லை, பணம் போனது. தோற்ற ஹீரோவுக்கு அடுத்த படம் இருக்கும். சாவித்திரி மறுபடி ஒரு தமிழ்ப் படத்தை இயக்கவே இல்லை.

இனி உங்கள் தம்பி விஷயம். எட்டு வருஷம் என்பது விளையாட்டில்லை. காட்பாடியில் ரயிலேறி, சாலிகிராமத்தில் நாலு பேரோடு ஒரு அறையில் படுத்து, பேட்டா வந்த நாளில் சாப்பிட்டுக் கழித்த எட்டு வருஷம். அவருக்குச் சேர வேண்டிய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஃபைனான்சியர் பணம் தருவது ஹீரோவின் கால்ஷீட்டைப் பார்த்து; கதையைப் பார்த்து இல்லை. அதனால் அந்த ஹீரோவே இயக்குகிறேன் என்றால் மறுக்க ஆளில்லை. ஆனால் அதே பலத்தை வேறு மாதிரிச் செலவழித்தவர்களும் நம் கண்முன்னே இருக்கிறார்கள். பிரகாஷ்ராஜ் 2012-ல் 'தோனி'யை இயக்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு எட்டு வருஷம் முன்னால், 2004-ல், அவர் தயாரித்த 'அழகிய தீயே'தான் ராதாமோகனுக்கு முதல் படம். 2015-ல் 'காக்கா முட்டை'யைத் தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்தார்கள். மணிகண்டனின் அந்த முதல் படத்தில் ஹீரோ என்று யாரும் கிடையாது, இரண்டு சிறுவர்கள்தான். சீனியர் நடிகர்கள் இயக்க வரட்டும், தடுக்க எனக்கு மனமில்லை. கூடவே ஒரு புதியவனுக்குத் தயாரிப்பாளராகவும் நிற்கட்டும். அப்படி நிற்காதவரைத் தம்பி தாராளமாகத் திட்டலாம், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

தம்பியிடம் ஒன்று விசாரித்து எழுதுங்கள். அந்த சீனியர் நடிகரிடம் அவர் சொன்ன கதையில் கதாநாயகனுக்கு என்ன வயது? அறுபது வயது மனிதர் அறுபது வயதோடு நடக்கிற கதையா, அல்லது அவருக்கும் ஒரு காலேஜ் பாட்டு வைத்திருந்தாரா? பதில் வந்ததும் அடுத்த இதழில் மேற்கொண்டு பேசுவோம்.