அமெரிக்காவில் வாரிசு அரசியல் உண்டா?

தாராளமாக உண்டு. அப்பா ஜனாதிபதி, பிறகு மகனும் ஜனாதிபதி என்பது ஆடம்ஸ் குடும்பத்தில் 1825-லேயே நடந்துவிட்டது. புஷ் குடும்பம் இரண்டாவது. மிச்சிகனில் டிங்கெல் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் அப்பா, மகன், மகனின் மனைவி என 1933 முதல் கிட்டத்தட்ட இடைவெளியே விடாமல் காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) இருக்கிறார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம், 1962-இல் மாசசூசெட்ஸில் நடந்த செனட் (நாடாளுமன்ற மேல்சபை) தேர்தல். ஜான் கென்னடி ஜனாதிபதியானதும் அவருடைய செனட் இடம் காலியானது. தம்பி டெட்டுக்கு அப்போது 28 வயது. செனட்டராக 30 ஆக வேண்டும். என்ன செய்தார்கள்? ஜானின் கல்லூரித் தோழர் ஒருவரை அங்கே உட்காரவைத்து, தம்பிக்கு வயது வரும்வரை இடம் பிடித்து வைத்தார்கள்! உட்கட்சித் தேர்தலான பிரைமரியில் டெட்டை எதிர்த்து நின்ற எட்வர்ட் மெக்கார்மக், கென்னடி என்ற பெயர் மட்டும் இல்லையென்றால் நீங்கள் நிற்பதே கேலிக்கூத்து என்ற பொருளில் மேடையிலேயே சாடினார். நியாயம்தான். ஆனால் சொன்னவர் யார்? அன்றைய சபாநாயகரின் சகோதரர் மகன். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் லாட்ஜோ, 1952-இல் ஜானிடம் தோற்ற செனட்டரின் மகன். சரி, சுயேச்சையாவது? ஸ்டூவர்ட் ஹியூஸ், முன்னாள் தலைமை நீதிபதியின் பேரன். டெட் ஜெயித்து, 2009-இல் இறக்கும்வரை செனட்டராகவே இருந்தார்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கட்சியைப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. பெரும்பாலும் வேட்பாளரை முடிவு செய்வது தலைமை இல்லை, பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவர்கள். குடும்பப் பெயரும் அப்பாவின் நன்கொடையாளர்களும் வாசல்வரை கொண்டுவந்து விடலாம், அவ்வளவுதான். புஷ் குடும்பத்தின் இன்னொரு மகன் ஜெப், 2016 ஜனாதிபதி தேர்தலுக்காகக் களமிறங்கியபோது அவருடைய ஆதரவு அமைப்பு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே, பிரைமரி கட்டத்தில், மனிதர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். 2020-இல் ஜானின் தம்பி ராபர்ட் கென்னடியின் பேரன் ஜோ, மாசசூசெட்ஸிலேயே செனட் பிரைமரியில் தோற்றார்.

அப்புறம் அலாஸ்கா. 2002-இல் தேர்தலில் ஜெயித்து ஆளுநரான ஃபிராங்க் முர்கௌஸ்கி, தான் விட்டுவந்த செனட் இடத்தில் மகள் லிசாவையே நியமித்தார். ஊரே கொதித்தது. 2006 ஆளுநர் பிரைமரியில் அப்பாவுக்கு மூன்றாம் இடம்தான். 2010 செனட் பிரைமரியில் மகளும் தோற்றார். ஆனால் பொதுத்தேர்தலில், வாக்குச்சீட்டில் அச்சாகாத அவருடைய பெயரை மக்கள் கைப்பட எழுதியே ஜெயிக்க வைத்தார்கள். எழுத்துப் பிழையோடு எழுதிய ஓட்டுகளும் செல்லுமா என்ற வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. செல்லும் என்றார்கள்.