தேரை என்ற பெயர்

அன்புள்ள ஐயா,

எக்ஸ்-மென் காமிக்ஸில் விலங்குத் தன்மை கொண்ட வில்லன்களைத் தரவரிசைப்படுத்தி நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தோம். சேபர்டூத்துக்கு முதலிடம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கடைசி இடம் டோடுக்கு. எக்ஸ்-மென்னின் பரம எதிரி மேக்னெட்டோவின் எடுபிடியாக வந்து, எல்லோரிடமும் அடி வாங்கி, நாக்கை நீட்டிச் சிரிப்பு மூட்டுவதைத் தவிர அவன் எதுவும் செய்வதில்லை. இப்படியொரு டம்மி வில்லனை இத்தனை காலமாக ஏன் வைத்திருக்கிறார்கள்? அந்த நீண்ட நாக்கு தொடக்கத்திலிருந்தே உண்டா? அவனைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுத விரும்புகிறேன். தவளை மனிதன் என்று எழுதலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் டோடைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் வரும் ஒரு கதையைப் படித்துவிட்டு, அதை மறுபடி எடுக்க மனமில்லாமல் மேசையின் ஓரத்தில் பல நாட்களாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். அதனால்தான் இந்தப் பதில் நீள்கிறது.

சேபர்டூத்துக்கு நீங்கள் முதலிடம் கொடுப்பதில் எனக்கு வழக்கு ஏதுமில்லை. 1977இல் அயர்ன் ஃபிஸ்ட் இதழில் அறிமுகமான நாளிலிருந்து நகமும் பல்லும் கொலைவெறியுமாகவே இருப்பவன் அவன். நாக்கைப் பற்றிய கேள்விக்கும் விடை சுருக்கமானது. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1964 மார்ச் தேதியிட்ட எக்ஸ்-மென் நான்காம் இதழில் படைத்த டோடுக்கு அப்படியொரு நாக்கு கிடையாது. கூன் விழுந்த முதுகும், குந்தியே இருக்கும் கால்களும், அந்தக் கால்களிலிருந்து எழும் பாய்ச்சலும்தான் அவனுக்குக் கொடுக்கப்பட்டவை. நாக்கும், வாயிலிருந்து உமிழும் கோழையும் 2000ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ரே பார்க் நடித்த டோடின் வழியாகப் பரவலாக அறியப்பட்டன. பிறகு காமிக்ஸும் அந்த உருவத்தை ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. நீங்கள் அதைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். ‘டோட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தேரை என்று பொருள். தவளை வேறு, தேரை வேறு. தவளைக்கு ஈரமான வழவழப்பான தோலும் நீண்ட பின்னங்கால்களும் உண்டு, அது பாயும். தேரைக்குத் தடித்து வறண்ட தோல், உடலெங்கும் மரு, குட்டைக் கால்கள். அது தத்தித் தத்திப் போகும். அப்படியென்றால், நெடும்பாய்ச்சலையே தன் ஆற்றலாகக் கொண்ட ஒருவனுக்கு முறைப்படி தவளையின் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். அவனுக்குத் தேரையின் பெயரை வைத்தபோது அவனுடைய ஆற்றலைப் பார்த்து வைக்கவில்லை, முகத்தைப் பார்த்து வைத்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அடிவருடியை ‘டோடி’ என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் மருந்து விற்ற போலி வைத்தியர்கள் கூடவே ஓர் உதவியாளனை அழைத்துச் செல்வார்கள். நஞ்சு என்று எல்லோரும் நம்பிய தேரையை அவன் கூட்டத்தின் முன்னால் விழுங்குவான், அல்லது விழுங்குவதுபோல் நடிப்பான். வைத்தியர் தன் மருந்தைக் கொடுத்து அவனைப் பிழைக்க வைத்து, அந்த மருந்தை விற்றுக் காசாக்குவார். ‘தேரை தின்னி’ என்ற பொருளில் அவனுக்கு வழங்கிய பெயர்தான் தேய்ந்து அடிவருடியைக் குறிக்கும் சொல்லானது. எஜமானனின் பெருமைக்காக நஞ்சை விழுங்குபவன் என்று பொருள்படும் ஒரு சொல்லின் நிழலில் டோட் பிறந்திருக்கிறான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவன் கதையைப் படித்துப் பாருங்கள்.

‘டம்மி’ என்ற சொல்லை எழுதும்போது உங்கள் கை கூசியிருக்க வேண்டும். நீங்கள் இளைஞர் என்பதால் இதைக் கடுமையாகவே சொல்கிறேன். யார் யாரை அடிப்பார்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டே படிப்பவர், அடி வாங்குகிறவனின் முகத்தை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

பீஸ்ட் என்று அழைக்கப்படும் ஹேங்க் மெக்காயை உங்களுக்குப் பிடிக்கும் என்று ஊகிக்கிறேன். எல்லோருக்கும் பிடிக்கும். 1963இல் முதல் இதழிலேயே அவன் வருகிறான். இன்று நாம் காணும் நீல ரோமம் அப்போது அவனுக்கு இல்லை. அளவுக்கு மீறிப் பெரிதான கைகளும் பாதங்களும், குரங்கைப்போல் தாவும் சுறுசுறுப்பும், விரல்களால் எதையும் பற்றிக்கொள்ளும் பாதங்களும் மட்டுமே இருந்தன. டோடின் உடலையும் இவனுடைய உடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் கால்களில்தான் வலிமை, இருவருடைய ஆற்றலும் தாவுவதில் இருக்கிறது, இருவரையும் பார்த்து ஊர் சிரிக்கிறது. ஆனால் பீஸ்டுக்கு அவனை நேசித்த பெற்றோர் இருந்தார்கள், வீடு தேடி வந்து அழைத்துச் சென்ற பேராசிரியர் இருந்தார், நூலகம் இருந்தது. அவன் வாயைத் திறந்தால் நீண்ட அழகிய சொற்கள் வந்தன. டோடின் இயற்பெயர் மார்ட்டிமர் டாய்ன்பீ. இங்கிலாந்தில் பிறந்த அவனைப் பெற்றோர் கைவிட்டார்கள். அவன் அநாதை இல்லத்தில் மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு நடுவே வளர்ந்தான். கூச்சத்தால் பேசாமல் இருந்தவனை மந்தபுத்தி என்று முடிவு கட்டினார்கள். பின்னாளில் சிக்கலான இயந்திரங்களை இயக்கத் தெரிந்தவனாக அதே கதைகள் அவனைக் காட்டுகின்றன. அப்போதும் அவனை அறிவாளி என்று யாரும் சொல்லவில்லை. அவனைத் தேடி வந்த ஒரே மனிதன் மேக்னெட்டோ. அவன் கொடுத்தது உதை. டோட் அதையும் அன்பு என்று எடுத்துக்கொண்டான்.

மேக்னெட்டோவின் கும்பல் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘சகோதரத்துவம்’. பிறவியிலேயே விசேஷ ஆற்றல் கொண்ட மியூட்டன்ட்களை மனிதர்கள் இழிவுபடுத்துகிறார்கள் என்பதற்காகத் திரண்டவர்கள், தமக்குள்ளேயே இழிவுபடுத்த ஒருவனை வைத்துக்கொண்டார்கள். டோட் மனதுக்குள் நேசித்த ஸ்கார்லெட் விட்ச் அந்தக் கும்பலில்தான் இருந்தாள். அவனை ஏறெடுத்துப் பார்க்கத் தோன்றுவதுபோல் ஒரு வரியைக்கூட அவளுக்கு எழுதவில்லை.

என் சினம் கதாபாத்திரங்கள் மீதல்ல, எழுதியவர்கள் மீது. 1964இல் மேக்னெட்டோ வெறும் கொடுங்கோலன். 1981இல் வெளிவந்த எக்ஸ்-மென் 150ஆம் இதழில் அவனுக்கு ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் கடந்தகாலம் எழுதப்பட்டது, குடும்பத்தைப் பறிகொடுத்தவன் ஆனான், அன்றிலிருந்து அவன் பெருந்துயரத்தின் நாயகன். நல்லது, அதை நான் குறை சொல்லவில்லை. டோடுக்கும் துயரம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அவனை ஓர் அங்குலம்கூட உயர்த்தவில்லை. 1985இல் ஸ்பைடர்-மேன் இதழ் ஒன்றில் அவன் உயிரை விட முயல்கிறான், ஸ்பைடர்-மேன் காப்பாற்றுகிறான். உடனே இவன் அவனுக்கு எடுபிடியாக முன்வருகிறான். அது நகைச்சுவைக் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2011இல் தொடங்கிய ‘உல்வரீனும் எக்ஸ்-மென்னும்’ தொடரில் ஒருவழியாக அவனைப் பள்ளிக்கூடத்துக்குள் அனுமதிக்கிறார்கள். பீஸ்ட் பாடம் நடத்தும் அதே பள்ளியில், ஏறத்தாழ அதே உடலோடு, டோட் துப்புரவுப் பணியாளன். அந்தப் பக்கங்களைப் படித்தபோது, நம் பள்ளிகளில் எந்தப் பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுப்பார்கள் என்று பார்த்து வளர்ந்த எனக்குப் புத்தகத்தை மூடத் தோன்றியது.

நான் கவிழ்த்து வைத்திருந்தது 2021இல் வெளிவந்த ‘மேக்னெட்டோவின் விசாரணை’. ஸ்கார்லெட் விட்சைக் கொன்றதாக மேக்னெட்டோ மீது பழி விழுகிறது. முடிவில் டோட் தானாக முன்வந்து, கொன்றவன் நானே என்று பழியை ஏற்றுக்கொண்டு, தண்டனைக் குழிக்குள் போகிறான். 1968இல் ஒருமுறை எஜமானனைக் கைவிட்டுத் தப்பி வந்த அதே டோட்தான் இவனும். ஐம்பத்தேழு ஆண்டுகள் எழுதிய பிறகும் அவர்களால் அவனை எஜமானனின் காலடியிலிருந்து எழுப்ப முடியவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது எங்களோடு ஒருவன் படித்தான். குள்ளமான உடல், துருத்திய கண்கள். உடற்பயிற்சி ஆசிரியர் அவனைத் ‘தேரை’ என்று அழைத்தார், அன்று மாலைக்குள் பள்ளி முழுவதும் அழைத்தது. நான் மற்றவர்களைவிடக் கூடுதலாக அழைத்தேன். அவன் என் பையைச் சுமப்பான், என் சைக்கிளைத் தள்ளி வருவான், நாங்கள் கிரிக்கெட் ஆடும்போது முள்வேலிக்குள் போகும் பந்தை எடுத்துத் தருவான். ஒருநாள் தாழ்வாரத்தில் நான் எறிந்த பந்து ஆய்வகச் சன்னலை உடைத்து, உள்ளே இருந்த கண்ணாடிக் குடுவையையும் கவிழ்த்துவிட்டது. தலைமை ஆசிரியர் வகுப்புக்கு வந்து யார் என்று கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து அவன் எழுந்து, “நான்தான் சார்” என்றான். பிரம்படி எத்தனை என்று அன்று எண்ணினேன், இப்போது சொல்ல விருப்பமில்லை.

மாலையில் வழக்கம்போல என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். உள்ளங்கை வீங்கியிருந்ததால் கைப்பிடியை விரல் நுனிகளால் பிடித்திருந்தான். ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் வந்துவிட்டு, “அடுத்த மேட்ச்ல என்னையும் சேத்துக்குவியா?” என்றான். சேர்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் முள்வேலி ஓரத்தில்தான் நின்றான். அந்த ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டான். எங்கே இருக்கிறான் என்று நான் தேடியதே இல்லை.

இத்தகைய ஒருவனை ஏன் இத்தனை காலமாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எல்லாக் கும்பலுக்கும் அவன் தேவைப்படுகிறான், கே. எழுதுகிறவர்களின் கும்பலுக்கும், சுற்றி உட்கார்ந்து தரவரிசை போடுகிறவர்களின் கும்பலுக்கும்.

உங்கள் குறிப்பில் தேரை என்றே எழுதுங்கள். நம் மொழியிலும் அந்தச் சொல் நல்ல இடத்தில் இல்லை. இளைத்துப்போன குழந்தையைத் தேரை விழுந்தது என்போம், சொத்தைத் தேங்காயைத் தேரை மோந்தது என்போம். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளப்பான் என்று சொன்னவர்களும் நம்மவர்கள்தாம், ஆகவே அந்தச் சொல்லைத் தயங்காமல் எழுதலாம். ஆனால் முதல் வரியில் மார்ட்டிமர் டாய்ன்பீ என்ற பெயர் இருக்கட்டும். தேரை என்பது அடுத்தவர்கள் அவனுக்கு வைத்த பெயர் என்பதை இரண்டாவது வரியில் எழுதுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.