எல்.எல்.பி. முடித்தால் சட்டத்தரணியா? அதில் ஏன் இரண்டு ‘எல்’?

தங்கை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு எல்.எல்.பி., பி.எல்., பி.ஏ.எல்.எல்.பி. என்று குழம்பி நிற்கிறாள், எதைப் படித்தால் சட்டத்தரணி ஆகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருகோணமலைதான், உவர்மலை. பட்டம் முடித்து வந்த கிழமையே அக்காவின் கல்யாணக் கார்டில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘சட்டத்தரணி’ என்று போடப் பார்த்தார்கள். வேண்டாம் என்று அழாத குறையாகச் சொல்லித்தான் நிறுத்தினேன். அப்போது நான் சட்டத்தரணி இல்லை.

எல்.எல்.பி. என்பது சட்ட இளமாணி; அது ஒரு பட்டம் மட்டும்தான். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ அதை முடித்தாலும், புதுக்கடையில் உள்ள இலங்கை சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை எழுதி, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகே கறுப்பு அங்கி. வெளிநாட்டு எல்.எல்.பி.க்கும் இதே வழிதான். காசு கட்டினால் நேரே வழக்காடலாம் என்று எனக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் சொன்னார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. நுழைவுப் பரீட்சை எழுதி நேரே சட்டக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் எல்.எல்.பி. இல்லாமலே சட்டத்தரணி ஆகிறார்கள். அவர்களைக் குறைத்து எடைபோடுவது பெரிய தவறு.

இரண்டு ‘எல்’ லத்தீனில் இருந்து வந்தது. ‘லேகும்’ என்றால் ‘சட்டங்களின்’. லத்தீன் சுருக்கத்தில் எழுத்தை இரட்டித்தால் பன்மை. அந்தக் கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ரோமச் சட்டம், திருச்சபைச் சட்டம் இரண்டும் படிப்பித்தார்கள்; பன்மைக்கு அதையே காரணமாகச் சொல்வது வழக்கம். சட்ட முதுமாணியான எல்.எல்.எம்.மிலும் அதே கதைதான்.

பி.எல். தமிழ்நாட்டில் வழங்கிய பெயர், எல்.எல்.பி.க்குச் சமமானது. பி.ஏ.எல்.எல்.பி. இந்தியாவில் கலைப் பட்டத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் 5 வருடப் படிப்பு. அமெரிக்காவின் சட்டப் பட்டமான ஜே.டி. வேறு பட்டம் ஒன்றை முடித்த பிறகு படிப்பது.

அப்புறம், அம்மம்மா சொல்லும் அப்புக்காத்து (அட்வகேட்), பிரக்கிராசி (புரொக்டர்) இரண்டும் பட்டங்கள் அல்ல, அந்தக் காலத்தில் வழக்கறிஞர்களிடையே இருந்த தொழிற்பிரிவுகள். 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. சட்டத்தரணி என்ற ஒரே பெயர் அப்படித்தான் வந்தது.

தங்கைக்கு வழக்காட ஆசை என்றால் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கும் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.