சாயங்காலம் எடுத்த கார்டிசால் டெஸ்ட்

கேள்வி: எனக்கு ஊர் அம்பாசமுத்திரம், வயது 31. மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு ஒன்பது மாதம். இரண்டாவது சிசேரியன். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். கல்லூரியில் கபடி ஆடியவள், திரும்ப ஓட ஆசை. ஜிம்மில் சேரப் போனால் அங்கிருந்த கோச், “உங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறியிருக்கு, அதான் வயிறு வத்தலை. இப்ப எக்சர்சைஸ் பண்ணா இன்னும் ஏறும், பாலும் வத்திரும்” என்று சொல்லி, ஒரு ஹார்மோன் பேக்கேஜ் டெஸ்டும் ஒரு டப்பா பவுடரும் எழுதிக் கொடுத்தார். டெஸ்ட் எடுத்துவிட்டேன், ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன். பவுடர் இன்னும் வாங்கவில்லை. நான் உடற்பயிற்சி செய்யலாமா? விடியக்காலைப் பனியில் போகக்கூடாது என்று அத்தை வேறு சொல்கிறார்கள்.

பதில்: செய்யலாம். நாளைக்கே நடக்க ஆரம்பியுங்கள். பவுடரை வாங்காமல் விட்டீர்களே, அதற்கு ஒரு கும்பிடு.

கோச் சொன்ன ஸ்ட்ரெஸ் ஹார்மோனின் பெயர்தான் கார்டிசால். அது ஒன்றும் விஷம் இல்லை. இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அதைச் சுரக்கிறது. அது இல்லாவிட்டால் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாது. கண் விழித்து அரைமணி, முக்கால்மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் பகலெல்லாம் இறங்கிக்கொண்டே வந்து, நடுராத்திரி அடிமட்டத்தில் கிடக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இது வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்தபின் இறங்கிவிடும். உங்கள் சின்னவளுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அந்தக் கணக்கு எப்போதோ முடிந்த கணக்கு.

இப்போது உங்கள் ரிப்போர்ட். ரத்தம் எடுத்த நேரம் மாலை 4.40 என்று மேலே போட்டிருக்கிறது. கீழே சரியான அளவு என்று அச்சடித்திருப்பதோ காலை எட்டு மணிக்கு உரிய அளவு. அப்படி ஒப்பிடுவதே தப்பு. அதிலும் உங்கள் எண் அந்த அளவுக்குள்ளேயேதான் இருக்கிறது. இருந்தும் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த வட்டம்தான் பவுடர் விற்கிறது. உண்மையிலேயே கார்டிசால் மிகையாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், டாக்டர்கள் நாங்கள் சாயங்காலம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகமாட்டோம். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மாத்திரை கொடுத்து மறுநாள் காலையில் பார்ப்போம், இல்லை ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் பிடிக்கச் சொல்வோம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் இந்த எண் ஏறித் தெரியும், அதற்கு அர்த்தமே வேறு. இதெல்லாம் பேக்கேஜ் விற்கிறவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டார், அவருக்கு அதில் பங்கு.

அந்தப் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அஸ்வகந்தா என்று பொடி எழுத்தில் இருக்கும், நம் அமுக்கராதான். நாட்டு மருந்து என்பதால் ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. தைராய்டைத் தூண்டிவிடும், அரிதாகச் சிலருக்கு ஈரலையும் கெடுத்திருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கு அது பாதுகாப்பானது என்று யாரும் நிரூபிக்கவில்லை. வீட்டுக்கு வீடு வந்து, “மைனி, நானும் இதத்தான் குடிச்சேன்” என்று சொந்தக்காரியே விற்கும் ஊட்டச்சத்து டப்பாக்களுக்கும் இதே பதில்தான். மைனியிடம் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, உடற்பயிற்சி கார்டிசாலை ஏற்றுமா? மூச்சிரைக்க ஓடினால் ஏறும், ஓய்ந்ததும் இறங்கிவிடும். உடம்புக்கு அது பழக்கம்தான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடந்தால் ஏறாது. பாலும் வற்றாது. மிதமான உடற்பயிற்சியால் பாலின் அளவோ சத்தோ குறைவதில்லை. பாலை வற்ற வைப்பது வயிற்றைக் காயப்போடும் டயட்தான். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும். கோச் சோற்றை நிறுத்தச் சொன்னால், உங்கள் ஆச்சி கிண்டிய கருப்பட்டி உளுந்தங்களியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கோச்சின் டப்பாவை விட அறிவு இருக்கிறது.

நான் பயப்படுவது கார்டிசாலுக்கு இல்லை, உங்கள் வயிற்றுத் தசைக்கு. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தொப்புளுக்கு மேலே இரண்டு விரலை வைத்துக்கொண்டு தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். நடுவில் விரல்கள் பள்ளத்தில் இறங்குகிறதா? இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் வயிறு வற்றாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஜிம்மில் முதல் நாளே போட்டுத் தாக்கும் சிட்-அப் அதை இன்னும் விலக்கக்கூடும். தும்மினால் சிறுநீர் கசிகிறதா? அப்படியென்றால் ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம். பின்வழியே காற்றுப் போகாமல் அடக்குகிற மாதிரி அடித்தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள், பத்து தடவை, தினம் மூன்று வேளை. கசிவு நின்ற பிறகு ஓடலாம். நிற்காவிட்டால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு வருஷக்கணக்கில் துணி மாற்றிக்கொண்டிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

களைப்பு இருந்தால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள், அந்த இரண்டு போதும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசு விதி. கொடுக்கிறார்கள், அது பீரோவில் கிடக்கிறது. பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போட வரிசையில் நிற்கிறோம், பிள்ளையை எடை போடுகிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள். தூக்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்து “உனக்கு எப்படி இருக்கு?” என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வி இருந்தால் கோச்களுக்கு இவ்வளவு வேலை இருக்காது.

உடற்பயிற்சி செய்யலாம் என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. சில வருஷம் முன்பு முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். பிரசவத்தில் ஏராளமாக ரத்தம் போய், பாட்டில் பாட்டிலாக ஏற்றிப் பிழைத்தவள். அன்றிலிருந்து ஒரு சொட்டுப் பால் இல்லை. மூன்று வருஷமாகத் தீட்டு இல்லை. “பெத்ததுலேருந்து இப்படியேதான் கெடக்கா, சோம்பேறின்னு ஏசுதாங்க” என்றாள் அம்மா. சித்திரை வெயிலிலும் போர்வை. அக்குளில் முடி உதிர்ந்து போயிருந்தது. யாரோ வாக்கிங் போகச் சொல்லியிருக்கிறார்கள், போன இடத்தில் மயங்கி விழுந்தாள். காலை எட்டு மணிக்குக் கார்டிசால் பார்த்தேன், இருக்கவேண்டியதில் கால்வாசிகூட இல்லை. மூளைக்கு அடியில் இருந்து அட்ரினல், தைராய்டு, பால், தீட்டு எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவது பிட்யூட்டரி சுரப்பி. கர்ப்பத்தில் பருத்திருந்த அது, பிரசவ ரத்தப்போக்கில் ரத்த ஓட்டம் இல்லாமல் கருகிவிட்டது. 1937ல் ஷீஹன் என்ற மருத்துவர் விவரித்த நோய். இவளுக்கு கார்டிசால் குறைவு! மாத்திரை கொடுத்த சில நாளில் எழுந்து உட்கார்ந்தாள். இதில் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டால் ஆபத்து, கார்டிசாலைச் சரிசெய்த பிறகே அதைத் தொட வேண்டும். பிரசவத்தில் நிறைய ரத்தம் போய், பாலே வராமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருப்பவர்கள் இதைப் படித்தால், உடற்பயிற்சி, ஜிம் எதுவும் வேண்டாம், டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரிக்கோ ஒரு நல்ல பொது மருத்துவரிடமோ போங்கள். ரத்தம் எவ்வளவு போனது என்று பல அட்டைகளில் எழுதியே இருக்காது, நீங்களே வாயால் சொல்லுங்கள். உங்களுக்கு ஒன்பது மாதமாகப் பால் இருக்கிறது, ஆகவே நீங்கள் இந்தக் கணக்கில் வரமாட்டீர்கள்.

முதல் இரண்டு வாரம் தினம் இருபது நிமிஷம் நடங்கள். அப்புறம் கொஞ்சம் ஏற்றி வாரத்துக்கு 150 நிமிஷத்துக்குக் கொண்டுவாருங்கள். தையல் போட்ட இடத்தில் இழுத்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது, சின்னவளும் அழமாட்டாள். ராத்திரி நாலு தடவை எழுப்பினாள் என்றால் மறுநாள் ஓட வேண்டாம், நடை போதும். பனி விஷயத்தில் அத்தையோடு சண்டை போடாதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புங்கள், பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டு.