வீணாகக் கடலுக்குப் போகும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘இந்தியாவின் பெருநதிகள்’ பற்றிப் பள்ளியில் பேச வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி, நர்மதை என்று பட்டியல் எழுதிவிட்டோம். நம் குமரி மாவட்ட ஆறுகளையும் சேர்க்கலாமா? இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது. தண்ணீரோ வீணாகக் கடலில் கலக்கிறது. நதிகளை இணைத்தால் தீராதா?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

மகளுக்கு என் அன்பு. பட்டியலில் மகாநதியை விட்டுவிட்டீர்கள். கோதாவரி 1,465 கிலோமீட்டர் என்றெல்லாம் பிள்ளையை ஒப்பிக்க வைக்காதீர்கள், பாவம். நதி இணைப்பா? பறளியாற்றுத் தண்ணீரைப் பாண்டியன் கால் என்ற வாய்க்கால் வழியாகப் பழையாற்றுக்கு என்றோ திருப்பியாயிற்று. அதைச் சொல்லட்டும்.

ஆனால் ‘வீணாக’ என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். போன வாரம், பழையாறு கடலில் சேரும் மணக்குடியில், பாலத்தில் நின்று இதே சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் எழுதியவன்தான். கல்லூரி மலரில் ‘வீணாகும் பழையாறு’ என்று ஒரு கட்டுரை. நாஞ்சில்நாட்டு வயல்காரன் மகன், வேறென்ன எழுதுவேன்? அதை மணக்குடியில் ஒரு நண்பனின் அப்பாவிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: “உனக்க வயலுக்குப் போனா வெள்ளாமை, எனக்க கடலுக்கு வந்தா வீணாலே?”

அப்புறம் அவரே ஆறு கடலில் சேரும் வாய்க்கு, பொழிக்குக் கூட்டிப்போனார். கோடையில் மணல் ஏறி அடைத்துக் கிடக்கும் பொழி, ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் உடையும். கடலில் பிறந்த றால் குஞ்சு அந்த வழியாகக் காயலுக்குள் வந்து, உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்தில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகிறது. கரையோரம் மாதக்கணக்கில் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, ஊறிக் கிடந்தது. அதை அடித்து நாராக்கும் பெண்களுக்கு அந்தக் காயல்தான் சோறு. (அந்த நாற்றத்தைத் தக்கலைக்காரருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது!) இதில் எது வீண்?

உங்கள் பட்டியலுக்கே வருகிறேன். கங்கையில் உள்ளம் மீன் (வங்காளிகளின் ஹில்சா) கடலிலிருந்து ஏறி அலகாபாத் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்தது, மீனின் வழி அடைபட்டது. சிந்துவில் அணையும் கால்வாயுமாகத் தண்ணீரை மேலேயே எடுத்துக்கொண்டார்கள். கழிமுகத்து வயல்களுக்குள் கடல் ஏறிவிட்டது. ஆறு தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கடல் அந்தப் பக்கம் நிற்கும். காவிரிக் கடைமடையில், கடலோரத்தில் கிணறு தோண்டியவர்களைக் கேளுங்கள்.

தண்ணீர் போதவில்லை என்றால் குளத்தில் மண்ணடித்து மனை போட்டவனிடம் போய்க் கேளும் வே! கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலில் கல்யாண மண்டபம் கட்டி, அங்கே இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து கடலைத் திட்டுகிறோம்.

கோபம் உங்கள்மேல் இல்லை. அந்த மலர் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

நம் ஆறுகளைச் சேர்க்கலாமா என்றுதானே கேட்டிருந்தீர்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை மணக்குடிக்குக் கூட்டிப்போங்கள். தண்ணீரை வாயில் வைக்க வேண்டாம், நாகர்கோவில் சாக்கடையும் அதில்தான் சேர்கிறது. பொழியில் யாராவது வலை வீசிக்கொண்டிருப்பார்கள். என்ன மீன், எந்த மாதம் என்று பிள்ளையே கேட்கட்டும். நீங்கள் மட்டும் அவரிடம் ‘வீண்’ என்று வாயைத் திறந்துவிடாதீர்கள்.