லாபம் கூடினால் என்.ஐ. மறுபடி எப்படித் தொடங்கும்? கேள்வி பதில்

லண்டனில் சிறுதொழில் செய்கிற எங்கள் ஆட்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. நேஷனல் இன்சூரன்ஸ், அதாவது அரச பென்ஷனுக்கு வருடங்களைச் சேர்க்கிற என்.ஐ. கட்டணம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரையான வரியாண்டுக்கு உரியவை.

கேள்வி: அக்கா, நான் வீட்டிலிருந்து சாரி பிளவுஸ் தைக்கிறேன். கோவிட் காலத்தில் கலியாணங்கள் நின்றதோடு வருமானம் விழுந்தது. "லாபம் குறைவு, என்.ஐ. கட்டத் தேவையில்லை" என்றார்கள், விட்டுவிட்டேன். இந்த வருடம் செலவு போக 9,000 பவுண் வரும்போல இருக்கிறது. திரும்பத் தொடங்க எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: தங்கச்சி, வேலை திரும்பி வந்தது பெரிய சந்தோசம். வருடா வருடம் செல்ஃப் அசெஸ்மென்ட் என்கிற வரிக்கணக்குப் படிவத்தை அனுப்பிக்கொண்டு இருந்தீர்கள் என்றால் தனி விண்ணப்பம் ஒன்றும் இல்லை. லாபம் 6,845 பவுணைத் தொட்டாலே இரண்டாம் வகுப்பு என்.ஐ. (பென்ஷன் வருடத்தைச் சேர்க்கிற சுயதொழில் கட்டணம்) கட்டியதாக எடுத்துக்கொள்வார்கள், உங்கள் கையிலிருந்து ஒன்றும் போகாது. லாபத்தில் வீதமாக எடுக்கிற நாலாம் வகுப்பு 12,570க்கு மேல்தான். வேறு வருமானம் இல்லையென்றால் வரியும் வராது, பென்ஷனுக்கு ஒரு முழு வருடம் சேர்ந்துவிடும். ஆனால் படிவம் அனுப்பினால்தான் இது நடக்கும். இடையில் செல்ஃப் அசெஸ்மென்ட் பதிவை மூடியிருந்தால் உங்கள் பழைய பத்து இலக்க வரி எண்ணான யூ.டி.ஆர். எண்ணைக் கொடுத்து 2026 அக்டோபர் 5க்குள் மறுபடி பதியுங்கள். படிவத்தை 2027 ஜனவரி 31க்குள் இணையத்தில் அனுப்பலாம்.

எனக்கு இந்த வருடத்தைப் பற்றிக் கவலை இல்லை, விட்ட வருடங்களைப் பற்றித்தான். "கட்டத் தேவையில்லை" என்றால் "கட்டினால் பயனில்லை" என்று அர்த்தம் இல்லை. என் சித்தியும் வீட்டில் தைத்தவர்தான். அவருக்கும் ஒரு கணக்காளர் இதையே சொன்னார், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். 2025 மே மாதம் என் குசினி மேசையில் இருந்து சித்தியுடைய என்.ஐ. பதிவைப் போனில் திறந்தோம். 2008இலிருந்து வரிசையாக ஏழு வருடம், ஒவ்வொன்றுக்கும் எதிரே "முழுமையில்லை". சித்தி விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இரண்டாம் வகுப்புக் கட்டணம் கிழமைக்கு மூன்று பவுண்கூட இல்லாத காலம் அது. 2006 வரை பின்னுக்குப் போய்க் கட்ட விட்டிருந்த சலுகை ஏப்ரல் 5ஆம் திகதியோடு முடிந்திருந்தது. ஒரு மாதம் பிந்திவிட்டோம்.

இப்போது ஆறு வருடம்தான் பின்னுக்குப் போகலாம். உங்கள் 2020-21 வருடத்தை 2027 ஏப்ரல் 5 வரை கட்டலாம், அப்புறம் முடியாது. முதலில் அரசின் இணையக் கணக்கில் உங்கள் என்.ஐ. பதிவைப் பாருங்கள். யூனிவர்சல் கிரெடிட் என்கிற அரச உதவித்தொகை எடுத்த வருடங்கள் ஏற்கெனவே நிரம்பி இருக்கும். மிச்சத்துக்கு வரி அலுவலகமான எச்.எம்.ஆர்.சி.க்குப் போன் அடித்து, "நான் அப்போதும் செல்ஃப் எம்ப்ளோயிட், இரண்டாம் வகுப்பில் கட்ட வேண்டும்" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பு கிழமைக்கு 3.50 பவுண், சுயதொழில் இல்லாதவர்களும் விரும்பிக் கட்டுகிற மூன்றாம் வகுப்பு 17.75. பதிவுப் பக்கத்தில் பெரும்பாலும் மூன்றாம் வகுப்புத் தொகைதான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது, பதிவில் 21 வருடம் இருக்கிறது. பழைய வருடங்களைக் காசு கொடுத்து நிரப்புவது லாபமா?

பதில்: அண்ணை, உங்களுக்குப் பென்ஷன் வயது 67. இன்னும் ஒன்பது வருடம் விடாமல் சேர்த்தால் 30 ஆகும், முழுப் பென்ஷனுக்கு 35 வேண்டும். முழுத் தொகை கிழமைக்கு 230.25 பவுண். ஒரு வருடத்தின் பங்கு கிழமைக்கு 6.58, அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 342. இரண்டாம் வகுப்பில் ஒரு வருடத்துக்கு 182 பவுண்தான், பென்ஷன் தொடங்கி ஏழு மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும். மூன்றாம் வகுப்பில் 923 போனாலும் மூன்று வருடத்துக்குள் வரும். என் கருத்தில் இரண்டுமே பெறுமதியானவை. ஆனால் 2016க்கு முன் கம்பனிப் பென்ஷனில் இருந்திருந்தால் கணக்கு மாறும். காசு அனுப்ப முன் உங்கள் பென்ஷன் மதிப்பீட்டை அரசின் பென்ஷன் பகுதியிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கேள்வி: மினிகாப் ஓடுகிறேன். போன வருடத்தைவிட லாபம் கூடி 31,000. என்.ஐ. நிறையக் கட்டுகிறேன், பென்ஷனும் கூடும்தானே?

பதில்: கூடாது தம்பி. 12,570க்கு மேல் உள்ள 18,430க்கு ஆறு வீதம், 1,105.80 பவுண் கட்டுவீர்கள். அது நாலாம் வகுப்பு, அதனால் பென்ஷனில் ஒரு சதமும் ஏறாது. 7,000 உழைத்தவருக்கும் உங்களுக்கும் சேர்வது ஒரே ஒரு வருடம்தான். கூடுதல் பென்ஷன் வேண்டுமென்றால் தனியாகச் சேமிக்கத் தொடங்குங்கள், இந்த வயதிலேயே.

கேள்வி: கேக் செய்து விற்கிறேன். விற்பனை 11,000, செலவு 5,000. எல்லையைத் தாண்டிவிட்டேனா?

பதில்: இல்லை. பார்ப்பது லாபத்தை, விற்பனையை அல்ல. 6,000 லாபம் 6,845 எல்லைக்குக் கீழே. படிவத்தில் "விரும்பிக் கட்டுகிறேன்" என்ற கட்டத்தில் அடையாளம் போட்டு 182 கட்டலாம். இன்னொரு வழியும் உண்டு. செலவைக் கழிக்காமல் செலவுக்குப் பதிலாக எடுக்கக்கூடிய 1,000 பவுண் கழிவான ட்ரேடிங் அலவன்ஸை மட்டும் கழித்தால் லாபம் 10,000 ஆகும், வருடம் சும்மாவே சேரும். வேறு வருமானம் இல்லாவிட்டால் வரியும் வராது.

கேள்வி: பகலில் ஸ்கூல் வேலை, சம்பளம் 24,000. பின்னேரம் டியூஷனில் 7,500. இரண்டுக்கும் என்.ஐ. கட்ட வேண்டுமா?

பதில்: சம்பளத்திலேயே வருடம் நிரம்பிவிடும். டியூஷனுக்கு வருமான வரி மட்டும்தான், ஆனால் பதிவு செய்யத்தான் வேண்டும்.

கேள்வி: மகனுக்கு நாலு வயது. மணப்பெண் அலங்காரம் செய்கிறேன், லாபம் 3,000கூட வராது. பிள்ளைக்கு அரசு தருகிற சைல்ட் பெனிஃபிட் கணவர் பெயரில் போகிறது. நான் கட்ட வேண்டுமா?

பதில்: இன்னும் கட்டாதீர்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சைல்ட் பெனிஃபிட் எடுக்கிறவர் பெயரில் என்.ஐ. கிரெடிட், அதாவது காசு கட்டாமலே பதிவில் சேர்கிற காலம், விழும். உங்கள் கணவருக்கு வேலையிலேயே வருடம் நிரம்புகிறது என்றால் அந்தக் கிரெடிட் அவருக்கு உதவாது. அதை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கலாம், அதற்கான படிவம் சி.எஃப்.411ஏ. இன்றைக்கே அவரோடு இருந்து இரண்டு பேருடைய பதிவையும் திறந்து பாருங்கள்.