நிலைத்தன்மை அறிக்கையில் எந்த எண்கள் முதலில் மாட்டும்?

"முதன்முறையாக நிலைத்தன்மை அறிக்கை தயாரிக்கிறோம். நிர்வாகம், பொருளாதாரம், சுற்றுச்சூழல் மூன்றில் தணிக்கையில் எது அதிகம் அடிவாங்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தேகமே வேண்டாம், சுற்றுச்சூழல்தான்.

டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 10,000 லிட்டருக்கு 26.8 டன். பெருக்கல் எளிது, அந்த லிட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதில்தான் கோளாறு. பலர் கொள்முதல் பில்களைக் கூட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எரித்த அளவு வேண்டுமென்றால் தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழிக்க வேண்டும். ஜெனரேட்டர் டீசல் ஸ்கோப் 1 (நிறுவனமே நேரடியாக வெளியிடும் வாயு), வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2 (அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போது வெளியாகும் வாயு). ஒரு கிளை கிலோவாட்-மணியிலும் இன்னொன்று மெகாவாட்-மணியிலும் எண் அனுப்பினால் 1,000 மடங்கு பிழை வரும். கூட்டுத்தொகையில் அது கண்ணுக்கே படாமல் போகலாம். அதிகம் மறந்துபோவது ஏசி வாயு. ஆர்-410ஏ என்ற வகை ஒரு கிலோ கசிந்தாலே, புவியைச் சூடாக்குவதில் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சர்வீஸ் பில்களில் 'கேஸ் நிரப்பியது' என்ற வரியைத் தேடுங்கள்.

பொருளாதாரப் பகுதி சுலபம். ஜிஆர்ஐ 201 (நிலைத்தன்மை அறிக்கைக்கான உலகளாவிய தரநிலைகளில் பொருளாதாரத்துக்கானது) கேட்பது வருவாயும், அதில் செயல்பாட்டுச் செலவு, சம்பளம், வட்டி, ஈவுத்தொகை, வரி, சமூகச் செலவு போக மிஞ்சியதும். தணிக்கை முடிந்த நிதிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நிர்வாகத்தில் உறுத்தக்கூடியது ஒன்று: அதிகபட்சச் சம்பளம் வாங்குபவருக்கும் மற்ற ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்துக்கும் (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) உள்ள விகிதம். அங்கே சராசரியைப் போட்டுவிடாதீர்கள்.

சென்ற ஆண்டு எண்ணைத் திருத்தினால் சத்தமில்லாமல் மாற்ற வேண்டாம். ஏன் மாற்றினீர்கள், எவ்வளவு மாறியது என்று எழுதிவிடுங்கள்.